படகுக் கொட்டகைக் கணக்கில் நம் பெயர் எங்கே?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், கடற்கரைக் குழுக்களின் உறுப்பினர்கள் நான்கு பேர் சேர்ந்து தயாரித்து வாசித்த உரை. வாசித்தபடியே தருகிறோம்.)



வழக்கமா இந்த மேடையில சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக் கடன் வந்துச்சா, தவணை நிலுவை யார்கிட்ட இருக்கு, இதைத்தான் பேசுவோம். இன்னைக்கு எங்களுக்கு ஒதுக்கின நேரத்துல வேறு ஒரு கணக்கைப் பத்திப் பேசப் போறோம். மூடிப்போன ஒரு படகுக் கொட்டகையோட கணக்கு. "மூடிப்போன கடைக்குக் கணக்கு எதுக்கு?"ன்னு முன்வரிசையில ஒரு மைனி இப்பவே சிரிக்கிறாங்க. நாங்களும் முதல்ல அப்படித்தான் சிரிச்சோம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

எங்கள் ஊர் கடற்கரையில், மீன் ஏலம் போடுகிற இடத்துக்கு வடக்கே, கூரை சரிந்த ஒரு நீளமான கொட்டகை இருக்கிறது. உள்ளே பைபர் படகு வார்க்கிற மோல்டு ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. வெயில் நேரத்தில் ஆடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது ஆட்டுக் கொட்டகை. ஆனால் 1980-களின் நடுவிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஓடிய வள்ளங்களில் பாதிக்கு மேல் அங்கே பிறந்தவைதான். எங்க நாலு பேர் வீட்டுக்கும் சோறு போட்ட படகு அந்தக் கொட்டகையில கட்டினது.

கொட்டகை எப்படி வந்தது என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். உள்நாட்டுக் குழுக்களிலிருந்து வந்திருக்கிற சகோதரிகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

நம்முடைய அப்பா, தாத்தா காலத்தில் கட்டுமரம்தான். பெயரே சொல்லுது, மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் தனித்தனியாக் காயப் போடுவாங்க. ஆங்கிலத்துல இரட்டை உடல் வைத்த சொகுசுப் படகுக்குக்கூட நம்ம சொல்லைத்தான் 'கேட்டமரான்'னு வச்சிருக்காங்க. இந்தக் கட்டுமரத்துக்கு லேசான, பெருத்த மரம் வேணும். குடைந்து செய்கிற வள்ளத்துக்கோ ஒரே துண்டாப் பெரிய மாமரம், இல்லேன்னா அயினி மரம் வேணும். பெரும்பாலும் கேரளத்து மலைப்பக்கம் இருந்துதான் வரும். 1970-களில் அந்த மாதிரி மரம் கிடைப்பது குறைந்தது, விலையும் ஏறியது. மரம் வாங்க முடியாதவன் அடுத்தவன் மரத்தில் பங்குக்குப் போக வேண்டிய நிலைமை.

அப்போதுதான் குமரி மாவட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில், முட்டத்தில் பிளைவுட் படகு கட்டிப் பார்த்தார்கள். பிளைவுட் பலகையை வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் பைபர் நாடாவும் ரெசினும் வைத்து ஒட்டுவது. பெரிய மரமே வேண்டாம். அலையடிக்கிற கரையில் ஆட்கள் சேர்ந்து தள்ளுகிற அளவுக்கு எடை குறைவு. பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்திருந்த பியர் ஜில்லே என்ற பொறியாளர் இந்த வேலையில் இருந்தார். 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, நாம 'சிஃப்ஸ்'னு சொல்றது, உருவான பிறகு அவர்களும் இந்தப் படகுகளை எடுத்து நடத்தினார்கள். அதே வருடங்களில் வெளியே மாட்டுகிற எஞ்சினும் வந்து சேர்ந்தது. பாயும் துடுப்பும் போய் மண்ணெண்ணெய் வாடை வந்த காலம் அது.

ஜில்லே அந்த அனுபவத்தை 1985-ல் ஒரு புத்தகமாக எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. 'சிறியது அழகு' என்று அர்த்தம் வருகிற பெயரில் 1973-ல் வந்த ஒரு புத்தகம் உலகம் முழுக்கப் பிரபலம். இவர் அதை மாற்றி, 'சிறியது கஷ்டமானது' என்று வைத்தார். சின்னப் படகைக் கொண்டு வந்து சாதாரண மீனவன் கையில் சேர்ப்பதில் இருந்த இழுபறியை மறைக்காமல் தலைப்பிலேயே சொன்ன மனுஷன். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஊர்க் கொட்டகை இப்படிப்பட்ட பெரிய அமைப்பு எதையும் சேர்ந்தது இல்லை. வேலை கற்றுக்கொண்ட ஓர் ஆசாரி தன் சொந்தப் பொறுப்பில் ஆரம்பித்தது. முதலில் பிளைவுட் படகு. பிறகு முழுக்க பைபர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவருக்கு ராத்திரி பகல் வேலை. கரை முழுக்கப் படகு போச்சு, எல்லோருக்கும் புதுப் படகு வேணும். நிவாரணப் பணம் வந்தது, கூடவே புதுசு புதுசாக் கொட்டகைகளும் முளைச்சுது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த வேகம் அடங்கியது. ரெசின் விலை ஏறியது. பெரிய விசைப்படகு வேண்டியவர்கள் கேரளப் பக்கம் போனார்கள். புதிதாக முளைத்தவை முதலில் காணாமல் போயின, எங்கள் ஆசாரியின் கொட்டகை கடைசியாக மூடியது. அவரும் சில வருடத்தில் இறந்துபோனார்.

இதுவரை சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். இனிமேதான் நாங்க மாட்டிக்கிட்ட கதை.

ஒரு நாள் வாரக் கூட்டத்தில் ஆசாரியின் மனைவி ஒரு விஷயம் சொன்னாங்க. அவங்க நம்ம குழு உறுப்பினர்தான். இன்னைக்கு இங்கே வரல. அவங்க சம்மதத்தோடதான் இதைச் சொல்றோம். "வீட்டுப் பரணில அவரு எழுதின கணக்கு நோட்டு மூணு கிடக்கு. யாருக்காவது வேணுமா? இல்லேன்னா போட்டுடப் போறேன்"ன்னாங்க. "நாங்க வந்து பாக்குறோம்"னு சொன்னோம். சொல்லிட்டு போகல. அந்த மாதம் தணிக்கை, பிறகு ஒரு கல்யாணம், பிறகு மழை. மூணு வாரம் ஓடிப்போச்சு. போனபோது நோட்டு இரண்டுதான் இருந்தது. மூணாவதைப் பையன் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டான். அவர் அதைக் கடலை வண்டிக்குக் கொடுத்துவிட்டார். எங்க ஊர்க்காரங்க எல்லாரும் அந்த நோட்டில் சுத்தின கடலையைத் தின்னிருப்போம்.

தப்பு எங்க பேர்லதான். அதை முதல்ல சொல்லிடறோம்.

மிஞ்சிய இரண்டு நோட்டும் நீளமானவை, சிவப்புத் துணி அட்டை, ஓரத்தில் கரையான் தொட்டிருக்கிறது. ஒரு பக்கம் படகு: யாருக்கு, எத்தனை அடி, எத்தனை பலகை, முன்பணம், மீதி, கடலில் இறக்கிய நாள். இன்னொரு பக்கம் சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்த கூலி. அந்தக் கூலிப் பக்கத்தைப் படித்தபோதுதான் எங்களுக்கு வயிற்றுக்குள் என்னமோ செய்தது. ஆசாரிமார் இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது. கையாள் பையனுக்கும் பெயர் இருக்கிறது. அதுக்குக் கீழே, ஒவ்வொரு வாரமும், "பெண் 3". அவ்வளவுதான். ஆண் கூலியில் பாதி. பெயர் இல்லை.

படகுக் கொட்டகையில் பெண்கள் வேலை செய்தார்களா என்று இங்கேயே சிலர் கேட்பீர்கள். படகு கட்டுவது ஆம்பிளை வேலை, கட்டுற படகை வீட்டு விலக்கான நாளில் தொடக்கூடாது என்றெல்லாம் சொல்லி வளர்த்தார்களே நம்மை! ஆனால் நோட்டு சொல்கிறது, மூன்று பேர், வருடக்கணக்காக.

தேட ஆரம்பித்தோம். ஒருத்தர் எங்கள் தெருவிலேயே இருந்தார். இப்போது அறுபத்தைந்து வயது இருக்கும். "நீங்க படகுக் கொட்டகையில என்ன வேலை பாத்தீங்க அக்கா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, எடுபிடி" என்றார். ஆம்பிளைகள் அவர்கள் செய்த வேலையைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்கள். நம்ம ஆளுக எல்லாத்தையும் ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க, எடுபிடி. நாங்கள் விடவில்லை. காலையில் போனதும் முதலில் என்ன செய்வீர்கள், அப்புறம் என்ன, கையில் என்ன பிடித்திருந்தீர்கள் என்று படிப்படியாகக் கேட்டோம். இரண்டாவது நாள்தான் வாய் திறந்தது.

பிளைவுட் படகு கட்டின காலத்தில் செம்புக் கம்பித் தையலை அவர்தான் போட்டிருக்கிறார். நடுப்பக்கம் யாரும் போடலாம். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்மூக்கு, இரண்டு பலகையும் சேர்ந்து குறுகி வருகிற இடம். அதற்குள்ளே ஆம்பிளை கை போகாது. இவருக்குக் கை மெலிசு. தோள்வரை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல், விரலால் தடவி, கம்பியை முறுக்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். "கம்பி முனை குத்தி நகக்கண்ணு கிழியும். ராத்திரி சோறு பிசைய முடியாது"ன்னு சொன்னாங்க. அலையில் முதல் அடி வாங்குவது அணியம். அந்த இடத்துக் கட்டு அவர் கட்டினது.

இரண்டாவது பெண்ணைப் பக்கத்து ஊரில் கண்டுபிடித்தோம். அவர் பைபர் காலத்து ஆள். மேட் வெட்டுவது, ரெசின் கலக்குவது. ரெசினில் ஹார்டனர் ஊற்றுகிற அளவு ரொம்ப முக்கியம். வெயில் காய்கிற நாளில் கொஞ்சம் கூடினாலும் வாளியிலேயே கட்டியாகிவிடும், அத்தனையும் நஷ்டம். மழை நாளில் குறைந்தால் படகு காயவே காயாது, பிசுபிசு என்று நிற்கும். தினமும் காலையில் வெயிலைப் பார்த்து அளவு சொன்னது அவர்தானாம். "மேசிரியே என்கிட்டதான் கேட்பாரு, இன்னைக்கு எவ்வளவுன்னு" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு. கையுறை கிடையாது, மூக்குக்குத் துணிதான். பைபர் தூசி உடம்பெல்லாம் அரிக்கும், தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது, கைக்குழந்தையைத் தூக்கினால் அதற்கும் அரிக்கும் என்றார். அந்த வாடை தலையை நோகடிக்குமாம். அந்த வேலைக்குப் போன நம்ம சகோதரிகள் பிற்பாடு என்னென்ன உடம்புச் சங்கடம் பட்டார்கள் என்று யாரும் கேட்டு எழுதியதாக நாங்கள் பார்க்கவில்லை. அதையும் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

இப்போ அந்தத் தொலைஞ்ச நோட்டு விஷயத்துக்கு வர்றோம். இதுதான் கஷ்டமான பகுதி.

காணாமல் போனது சுனாமிக்குப் பிந்தின வருடங்களின் நோட்டு. கொட்டகை மூடியபோது சிலர் முன்பணம் கொடுத்துவிட்டுப் படகு கிடைக்காமல் நின்றார்கள். அவர்களில் நம்ம உறுப்பினர்கள் வீடும் உண்டு. தாலிச் செயினை அடகு வைத்துக் கொடுத்த பணம். ஆசாரி இறந்த பிறகு அவர் மனைவி மீன் சுமந்து, கருவாடு விற்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சிலருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எல்லோருக்கும் முடியவில்லை. யாருக்குக் கொடுத்தாச்சு, யாருக்குப் பாக்கி என்பது அந்த நோட்டில்தான் இருந்திருக்கும். "நோட்டைப் போட்டது கணக்கை மறைக்கத்தான்" என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்த அம்மா ஒரு வாரம் வெளியே வரவில்லை. கொட்டகைக் கதையை எழுதப் போய் ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று நாங்கள் நாலு பேரும் தூங்கவில்லை. விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் முடிவு செய்தோம்.

அப்போது எங்களில் ஒருத்திக்குத்தான் தோன்றியது, நம்ம தீர்மான நோட்டைப் பார்த்தால் என்ன?

மகளிர் திட்டம் எல்லா மாவட்டத்துக்கும் வந்த காலத்திலேயே தொடங்கின குழு எங்களுடையது. அன்றிலிருந்து எல்லாத் தீர்மான நோட்டும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 2005, 2006, 2007 நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தோம். இன்னாருக்கு உள்கடன் இவ்வளவு, காரணம்: படகு முன்பணம். இன்னாருக்கு, காரணம்: வலை. இன்னாருக்கு, காரணம்: அடகு நகை திருப்ப, படகு கிடைக்காததால். தேதி, தொகை, கையெழுத்து, கைநாட்டு எல்லாம் இருக்கிறது. ஆசாரி மனைவி குழுவில் சேர்ந்த பிறகு வாங்கிய கடன்களில் மூன்றுக்குக் காரணம், "பழைய படகு பாக்கி தீர்க்க" என்று எழுதியிருக்கிறது. எழுதினது அப்போது எட்டாம் வகுப்பு மட்டும் படித்திருந்த நம்ம ஊக்குநர். எதற்கு எழுதுகிறோம் என்று யோசித்து எழுதியிருக்க மாட்டார். வங்கி மேலாளர் கேட்பார் என்று எழுதியிருப்பார்.

அந்த நோட்டை வைத்து, அடகுச் சீட்டு வைத்திருந்தவர்களிடம் அதையும் வாங்கிப் பார்த்து, யாருக்கு என்ன நடந்தது என்று பெரும்பகுதி கணக்கை மறுபடி கூட்டிவிட்டோம். பாக்கி இருந்தவர்களையும் அந்த அம்மாவையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினோம். ஒரு உறுப்பினர், "நீ குடுத்ததை நான் மறந்தே போயிட்டேன், உன்னைப் பேசிட்டேன்" என்று அழுதார். இன்னொருவர் சமாதானம் ஆகவில்லை. அவருக்கு வர வேண்டியது வரவில்லை, அதுதான் உண்மை. அதையும் அப்படியே எழுதியிருக்கிறோம். கொட்டகையைப் புகழ்ந்து மட்டும் எழுதுவதென்றால் எங்களுக்கு அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆசாரி மனைவிதான், "எழுதுங்க, அவரு நல்ல படகு கட்டினாரு, கடைசியில கடன்பட்டாரு, ரெண்டும் நடந்ததுதானே" என்றார்.

இந்த மாதிரி வேலையை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று எங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை. எங்களில் ஒருவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் தேடிப் படித்து ஒரு ஊரைப் பற்றிச் சொன்னாள். ரொம்பத் தூரத்து ஊர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எசெக்ஸ் என்று பெயர். பக்கத்தில் குளௌசெஸ்டர் என்று பெரிய மீன்பிடித் துறைமுகம். அந்தத் துறைமுகத்துப் பாய்மர மீன்பிடிக் கப்பல்களை எசெக்ஸில்தான் மரத்தால் கட்டியிருக்கிறார்கள். 1668-லேயே ஆற்றங்கரையில் ஒரு ஏக்கர் நிலத்தைப் படகு கட்டுவதற்கு என்று ஊர்ப் பொதுவில் ஒதுக்கியிருக்கிறார்கள். நம்ம ஊரில் வலை உலர்த்தும் மணலை யார் பெயருக்கு யார் பட்டா வாங்குகிறார்கள் என்று பயந்துகொண்டு இருக்கிறோமே, அதை நினைத்துப் பார்த்தோம். அந்தச் சின்ன ஊர் கட்டிய கப்பல்கள் மொத்தம் சுமார் 4,000.

பிறகு அங்கேயும் எஞ்சின் வந்தது, இரும்புப் படகு வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. ஸ்டோரி என்ற குடும்பத்தின் பட்டறை பேர்பெற்றது. அப்பா 1932-ல் இறந்துபோனார். மகன் டேனா ஸ்டோரி 1940-களில் சில வருடம் நடத்திப் பார்த்தார், ஓடவில்லை. ஆனால் அவர் அதோடு விடவில்லை. பட்டறையில் மரம் எப்படி அறுத்தார்கள், யார் என்ன வேலை செய்தார்கள், எந்தக் கப்பல் எப்போது தண்ணீரில் இறங்கியது என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். 1976-ல் ஊர்க்காரர்கள் ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார்கள். ஊரின் பழைய பள்ளிக்கூடக் கட்டடம், 1835-ல் கட்டினது, அதில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1927-ல் அந்த ஊரிலேயே கட்டின ஒரு மீன்பிடிக் கப்பலையும் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெயர் எவலினா எம். குலார்ட். அதைப் புதுசு மாதிரி பழுது பார்க்காமல், எப்படிக் கட்டினார்கள் என்று உள்ளெலும்பு தெரிகிறபடி விட்டிருக்கிறார்கள். 1997-ல் அதே ஊரில் ஒரு பெரிய பாய்மரக் கப்பலை மறுபடியும் மரத்தாலேயே கட்டி இறக்கினார்கள். இடையில் கிட்டத்தட்ட ஐம்பது வருட இடைவெளி. எழுதி வைத்ததும் கை வேலை தெரிந்த குடும்பம் மிச்சம் இருந்ததும் சேர்ந்துதான் அது நடந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அந்தக் குளௌசெஸ்டரில் மீனவர் மனைவிமார் 1969-லேயே சங்கம் அமைத்துவிட்டார்கள் என்றும் அந்தப் பிள்ளை சொன்னாள். நம்மை மாதிரிதான்! கடலுக்குப் போனவன் திரும்புகிற வரைக்கும் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எந்த நாட்டிலும் பெண்தான் போலிருக்கிறது. நம்ம கரையில் 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் அன்று நின்றோமே, அது நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் எந்தப் படகு, எத்தனை அடி, எங்கே கட்டினது, யார் யார் போனது என்று அதிகாரிகள் கேட்டபோது பல வீடுகளில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் தவித்தோம். கொட்டகை நோட்டு வேண்டும் என்று நாங்கள் ஒற்றைக் காலில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களிடம் அருங்காட்சியகம் கட்டப் பணம் இல்லை, அந்த ஆசையும் இல்லை. எங்களிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. இதுவரை செய்ததைச் சொல்கிறோம், உங்கள் ஊரில் மூடிப்போன செங்கல் சூளையோ, தறிக்கூடமோ, கயிற்று ஆலையோ, முந்திரி ஆலையோ இருந்தால் நீங்களும் செய்யலாம்.

முதலில் நோட்டை ஒவ்வொரு பக்கமாக செல்போனில் படம் எடுத்தோம். வாசல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், பக்க எண்ணோடு. படம் ஒரே போனில் இருந்தால் போன் கடலில் விழுந்த அன்று எல்லாம் போச்சு, அதனால் மூன்று பேர் போனிலும் கூட்டமைப்புக் கணினியிலும் ஏற்றி வைத்தோம். நோட்டைக் கடும் வெயிலில் காயப் போடக் கூடாது, காகிதம் நொறுங்கும். செலோடேப் ஒட்டக் கூடாது. லேமினேஷன் பண்ணவே கூடாது. இது நாங்கள் அடிபட்டுக் கற்றது. கல்யாணப் போட்டோ ஒன்றை ஆசையாக லேமினேஷன் செய்து, உள்ளே ஈரம் சிக்கிப் படமே போய்விட்டது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தரையில் படாமல் உயரத்தில் வைத்தால் போதும். மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். குழு சேமிப்பை எண்ணுகிற அன்றைக்கே இதையும் பார்த்துவிடுகிறோம்.

போட்டோ சேர்க்கும்போது ஒரு வேடிக்கை. புதுப் படகை மந்திரித்து, மாலை போட்டு, கடலில் இறக்கும் படம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. படத்தில் ஆம்பிளைகள் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண்கள் ஓரத்தில், பாதி முகம், முந்தானை மட்டும். யார் யார் என்று கேட்டுப் படத்துக்குப் பின்னால் பென்சிலால் எழுதுகிறோம். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். பல படகுகளுக்கு மகள் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். படகுக்கே பெண் பெயர், கூலிக் கணக்கில் மட்டும் பெயர் இல்லை!

மிச்சம் இருக்கிற பிளைவுட் படகு ஒன்றைத்தான் கண்டுபிடித்தோம், ஒரு வீட்டுப் பின்புறம் விறகு மூடி வைத்திருந்தார்கள். டேப் வைத்து நீளம், நடு அகலம், ஆழம், அணியத்து உயரம், அமரத்து உயரம் எல்லாம் அளந்து எழுதினோம். முதல் அக்காவைக் கூட்டிப் போனோம். அவர் முட்டி போட்டு, அணியத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ரெசினுக்கு அடியில் கம்பி முடிச்சு விரலுக்குத் தட்டுகிறதாம். "இருக்கு"ன்னு சொன்னாங்க. வேறு ஒண்ணும் சொல்லல. எங்களையும் ஒவ்வொருத்தராக் கையை விட்டுப் பார்க்கச் சொன்னாங்க. எங்களில் ஒருத்திக்குக் கை போகவில்லை. யார் என்று சொல்ல மாட்டோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூலிப் பக்கத்தில் "பெண் 3" என்று இருக்கிற இடத்தில், அசல் நோட்டில் கை வைக்காமல், நகலில் இரண்டு பெயர்களைப் பென்சிலால் எழுதிவிட்டோம். மூன்றாவது பெயர் இன்னும் காலியாக இருக்கிறது. அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்கிறார்கள். கிழக்கே இருந்து நடந்து வருவாராம், கொட்டகை உத்தரத்தில் தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு உப்புத்தாள் தேய்ப்பாராம், மத்தியானம் எல்லோருக்கும் கட்டன் சாயா போடுவாராம். சுனாமிக்கு முந்தின வருடம்வரை கூலி வாங்கியிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உங்கள் ஊரில், உங்கள் குழுவில், உங்கள் அம்மா, மாமியார் வயதில் இப்படி ஒருத்தரைத் தெரிந்தால், சாப்பாட்டு இடைவேளையில் எங்களிடம் வந்து சொல்லுங்கள். நாலு பேரும் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிற தூணுக்குப் பக்கத்தில்தான் இருப்போம். நகல் நோட்டும் பென்சிலும் கையில் இருக்கு.